பழைய ஆர்கேட் ஆட்டங்களுக்கு ஏற்ற அனலாக் ஜாய்ஸ்டிக்: தேர்வும் வடிவமைப்பும்

நண்பர் கேட்டிருப்பது முதல் பார்வைக்கு ஒரு பொருளை வாங்குவது பற்றிய கேள்வி. வீட்டில் ஓர் ஆர்கேட் பெட்டி (கடைகளில் காசு போட்டு ஆடும் ஆட்டப் பெட்டி போன்றது) செய்துகொண்டிருக்கிறார்; பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓடவைக்கும் மேம் மென்பொருளை வைத்து அதில் ஸ்டார் வார்ஸ், ஸ்பேஸ் ஹாரியர், சினிஸ்டார் ஆகியவற்றோடு பேக்-மேனும் டாங்கி காங்கும் ஆட விரும்புகிறார்; எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே அனலாக் ஜாய்ஸ்டிக் (திசையை மட்டுமல்லாமல், எவ்வளவு சாய்கிறது என்பதையும் அளக்கும் கைப்பிடி) எது, அதை வாங்குவதா, தாமே செய்துகொள்ள முடியுமா என்கிறார். ஆனால் அவர் போகிற போக்கில் எழுதியிருக்கும் கடைசி இரண்டு வரிகளில்தான் உண்மையான கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. இப்போது பொருத்தியிருக்கும் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தால் ஸ்டார் வார்ஸில் திரையில் சுடும் இடத்தைக் காட்டும் குறி ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் போய் நிற்கிறது, சில நேரம் நின்ற இடத்திலேயே நடுங்குகிறது என்று சொல்லியிருக்கிறார். இவை இரண்டும் இரண்டு தனித்தனிக் குறைகள். காரணங்களும் வேறு, மருந்தும் வேறு. அவற்றைப் புரிந்துகொள்ளாமல் இன்னொரு ஸ்டிக் வாங்கினால் அதிலும் இதே குறைகள் ஆறு மாதத்தில் தலைகாட்டும்.

கிரேன், மண்வாரி போன்ற இயந்திரங்களின் கட்டுப்பாட்டுக் கைப்பிடிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். பதினெட்டு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். வீட்டில் ஓய்வுநேர வேலையாக இரண்டு ஆர்கேட் பெட்டிகளை உருவாக்கியிருக்கிறேன். கிரேன் கைப்பிடிக்கும் ஆர்கேட் ஸ்டிக்குக்கும் அடிப்படை இயக்கத்தில் வேறுபாடு எதுவும் இல்லை. கைவிட்டால் இரண்டும் சரியாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கிரேனில் சுமை நகரும், ஆட்டத்தில் கலம் நகரும். கீழே எழுதுவதில் கணக்கிட்டுச் சொல்பவை எவை, என் கைப்பழக்கத்திலிருந்து சொல்பவை எவை என்பதை அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடலாம். எல்லா ஆட்டங்களுக்கும் ஒரே அனலாக் ஸ்டிக் என்பது நல்ல யோசனை அல்ல, ஏனெனில் அந்தக் கால ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை அனலாக் ஆட்டங்களே அல்ல. 1980-இல் வந்த பேக்-மேனும் 1981-இல் வந்த டாங்கி காங்கும் நான்கு திசை சுவிட்சுகளை மட்டுமே அறியும். 1981-இன் கேலகாவுக்கு இடம், வலம் என இரண்டே போதும். சுவிட்ச் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதைத் தவிர அந்த நிரல்கள் வேறெதையும் கேட்பதில்லை. பேக்-மேனில் திருப்பம் வருவதற்குச் சற்று முன்பே புதிய திசையில் ஸ்டிக்கைத் தள்ளி வைத்துக்கொள்வது நன்றாக ஆடுபவர்களின் வழக்கம். ஸ்டிக் போகும் வழியை வரையறுக்கும் நான்கு திசைத் தடுப்புத் தகடு போட்ட ஸ்டிக்கில் கை மேலிருந்து வலத்துக்குப் போகும்போது மூலையில் தங்க இடமே கிடையாது. நழுவி அடுத்த பள்ளத்தில் விழுந்துவிடும். அனலாக் ஸ்டிக்கிலோ மூலையில் கை தாராளமாகத் தங்கும், அந்த வேளையில் மேலா, வலமா என்பதை மென்பொருள் ஊகிக்க வேண்டியிருக்கும். பத்தில் ஒரு முறை அந்த ஊகம் தவறினாலே போதும், ஆட்டத்தில் துரத்தி வரும் பேய் உங்களைப் பிடித்துவிடும்.

1982-இல் அட்டாரி வெளியிட்ட 5200 வீட்டு இயந்திரம் இதற்கு நல்ல சான்று. அதன் கைப்பிடியில் அனலாக் ஸ்டிக் இருந்தது, ஆனால் கையை எடுத்தால் தானாக நடுவுக்குத் திரும்பும் அமைப்பு இல்லை. ஆர்கேட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நான்கு திசை, எட்டுத் திசை ஆட்டங்களை அதில் ஆடியவர்கள் ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் ஸ்டிக்கைத் தாங்களே நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த இயந்திரத்தைப் பற்றிய குறைகளில் இன்றும் முதலில் பேசப்படுவது இதுதான்.

ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஆட்டத்திலும் நிரல் ஸ்டிக்கிலிருந்து என்ன அளவைப் படிக்கிறது, அதை எதற்குப் பயன்படுத்துகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 1983-இல் வந்த ஸ்டார் வார்ஸில் கைப்பிடியின் நிலையே திரையில் குறியின் நிலை. கைப்பிடி நடுவில் இருந்தால் குறி நடுவில் இருக்கும், ஓரத்துக்குப் போனால் ஓரத்துக்குப் போகும். 1985-இன் ஸ்பேஸ் ஹாரியரிலும் அப்படித்தான். கையை எடுத்தால் வீரன் திரையின் நடுவுக்கு வந்துவிடுவான். சினிஸ்டாரில் ஸ்டிக்கின் சாய்வு, கலத்தின் திசையையும் வேகத்தையும் தீர்மானிக்கிறது. 1979-இன் லூனர் லேண்டரில் இருந்தது ஸ்டிக் அல்ல, உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் ஒரு நெம்புகோல். நிலையைப் படிக்கும் ஆட்டத்தில் நடுப்புள்ளி சற்றுப் பிசகினால் குறி சற்றுத் தள்ளி நிற்கும், அவ்வளவுதான்; கை அதை உணராமலே ஈடுசெய்துவிடும். வேகத்தைப் படிக்கும் ஆட்டத்தில் அதே பிசகு கலத்தை ஓயாமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரே ஸ்டிக் ஓர் ஆட்டத்தில் நன்றாகவும் இன்னொன்றில் மோசமாகவும் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

பலரும் கவலைப்படும் துல்லியம், அதாவது எத்தனை படிகளாக ஸ்டிக்கின் நகர்வு அளக்கப்படுகிறது என்பது, உண்மையில் அவ்வளவு பெரிய விஷயம் அல்ல. 1983-இல் வில்லியம்ஸ் நிறுவனம் சினிஸ்டாருக்கென்றே உருவாக்கிய 49 வழி ஸ்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மின்தடை எதுவும் இல்லை. ஒளியைத் தடுத்துத் திறக்கும் தகடுகளும் ஒளி உணரிகளும் மட்டுமே. இட-வலம், மேல்-கீழ் என்ற ஒவ்வொரு அச்சிலும் நடுவில் ஒன்று, இரு பக்கமும் மும்மூன்று என ஏழு நிலைகள், ஏழேழு நாற்பத்தொன்பது. அந்த ஏழு படிகளிலேயே அவ்வளவு வேகமான ஓர் ஆட்டம் கைக்கு வழவழப்பாக வந்தது. படிகள் குறைவு, ஆனால் நடு என்றால் அது ஒவ்வொரு முறையும் அதே நடு. ஏழு படியில் ஓர் ஆட்டம் சிறப்பாக இயங்கும்போது, ஆயிரம் படிகள் தரும் இன்றைய ஸ்டிக்கில் உங்களுக்கு வரும் தொல்லை துல்லியக் குறைவால் வருவது அல்ல என்பது விளங்கும்.

இப்போது உங்கள் முதல் குறையான நடுக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் ஸ்டிக்கில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். தொழிலில் சுருக்கமாகப் பாட் என்போம். குதிரைலாட வடிவில் ஒரு கார்பன் பாதை, அதன் மேல் உரசிக்கொண்டு நகரும் ஓர் உலோகத் தொடுமுனை, மூன்று கால்கள், வேறொன்றும் இல்லை. சாதாரணப் பாட்டில் அந்தப் பாதை சுமார் 270 பாகைக்கு நீளும். ஆனால் ஸ்டிக் இரு பக்கமும் 25 பாகை, மொத்தம் 50 பாகைதான் சாயும். ஆடும் நேரத்தில் பெரும்பகுதி கை நடுவிலிருந்து இரு பக்கமும் ஐந்து பாகைக்குள்ளேயே உலவும். அப்படியானால் தொடுமுனை தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தப் பாதையின் இருபத்தேழில் ஒரு பங்கில் முன்னும் பின்னும் தேய்த்தே கழிக்கிறது. கழற்றிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பின்மூடியின் நான்கு தகட்டு மடிப்புகளை நிமிர்த்தி மூடியை எடுத்துச் சாய்வான வெளிச்சத்தில் பிடியுங்கள். மற்ற இடமெல்லாம் மங்கிய கறுப்பாக இருக்க, சரியாக நடுவில் மட்டும் நகக்கண் அளவு நீளத்துக்குப் பளபளவென்று ஒரு தடம் ஓடும், அதன் இரு ஓரத்திலும் கரித்தூள் ஒதுங்கிக் கிடக்கும். தொடுமுனை அந்தத் தூளின் மேல் ஏறி இறங்கும்போது வருவதுதான் உங்கள் திரையில் தெரியும் நடுக்கம்.

உறுதி செய்துகொள்ள முள் வைத்த பழைய மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. இணைப்பைக் கழற்றிவிட்டு, நடுக் காலிலும் ஓரக் கால் ஒன்றிலும் முனைகளை வைத்து, ஸ்டிக்கை மிக மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கொண்டுபோங்கள். ஓரங்களில் முள் ஒரே சீராக நகரும். நடுவைக் கடக்கும்போது வெடுக்கென்று துள்ளினால் அந்தப் பாட் முடிந்தது. எண் காட்டும் மீட்டரில் இந்தத் துள்ளல் பல நேரம் கண்ணில் படாது. துப்புரவுத் திரவம் தெளித்தால் சில வாரம் சரியாக இருக்கும். தேய்ந்த கார்பன் திரும்பி வராது. மாற்றும்போது, திருப்பும் அளவுக்கு ஏற்ப மின்தடை சீராக மாறும் நேர்கோட்டு வகையைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பாட்களில் பி10கே என்று எழுதியிருப்பது நேர்கோட்டு வகை, ஏ என்று தொடங்குவது ஒலி அளவைக் கூட்டிக் குறைப்பதற்கான வகை. இரண்டாவதைத் தெரியாமல் போட்டால் ஒரு பக்கம் தடதடவென்றும் மறுபக்கம் மந்தமாகவும் நகரும்.

இன்னொரு கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாட் தரும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் 10 பிட் எண்ணாக்கி 0 முதல் 1023 வரை எண்ணும். பாட்டின் 270 பாகையில் 50 பாகையை மட்டும் பயன்படுத்தினால் கிடைப்பது சுமார் 190 படிகள். சினிஸ்டாரின் ஏழு படிகளை நினைத்துப் பார்த்தால் இது தாராளம். சிலர் இதைப் பெருக்குவதற்காகப் பல்சக்கரம் வைத்து, ஸ்டிக் 50 பாகை சாயும்போது பாட் 150 பாகை சுழலும்படி செய்வார்கள். பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி, திசை மாறும் ஒவ்வொரு முறையும் நடுப்புள்ளியில் ஒரு தொய்வாகக் காட்டும். தேவையில்லாத துல்லியத்தை வாங்கி, தேவையான நடுவை இழப்பதாகவே இதை நான் கருதுகிறேன்.

இரண்டாவது குறை, குறி ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் நிற்பது. இதற்கும் மின்சாரத்துக்கும் தொடர்பே இல்லை. ஸ்டிக்கை நடுவுக்குத் தள்ளுவது ஸ்பிரிங், அதை எதிர்ப்பது சுழல்முனைகளின், அதாவது ஸ்டிக் எதைப் பற்றிச் சாய்கிறதோ அந்த மூட்டுகளின், உராய்வு. எளிய ஸ்டிக்குகளில் தண்டைச் சுற்றி ஒரே ஒரு அழுத்த ஸ்பிரிங் இருக்கும். சாய்வு அதிகமாக இருக்கும்போது அது பலமாகத் தள்ளும். நடுவை நெருங்க நெருங்க அதன் விசை குறைந்துகொண்டே வரும். ஏதோ ஓரிடத்தில் உராய்வுக்குச் சமமாகிவிடும். ஸ்டிக் அங்கேயே நின்றுவிடும். இடப்பக்கமிருந்து வந்தால் நடுவுக்குச் சற்று இடப்பக்கத்தில், வலப்பக்கமிருந்து வந்தால் சற்று வலப்பக்கத்தில். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

எண்ணெய் போட்டு உராய்வைக் குறைக்கலாம், ஆனால் சரியான தீர்வு ஸ்பிரிங்குக்கு முன்னிறுக்கம் கொடுப்பது. ஒவ்வொரு அச்சிலும் கத்தரிக்கோலின் இரு கைகளைப் போல இரண்டு நெம்புகள், அவற்றை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும் ஒரு ஸ்பிரிங், இரண்டுக்கும் நடுவே அசையாத ஓர் ஆணி. நடுவில் இருக்கும்போதே ஸ்பிரிங் ஓரளவு இழுபட்டு நிற்கும். ஸ்டிக்கை மயிரிழை நகர்த்தினாலும் முழு இறுக்கத்தையும் எதிர்த்துத்தான் நகர்த்த வேண்டும், விட்டால் அதே இறுக்கம் அதைத் திரும்ப ஆணியோடு சேர்த்துவிடும். அந்த இறுக்கம் உராய்வைவிட அதிகமாக இருந்தால் போதும். கிரேன் கைப்பிடிகளிலும் நான் பெரும்பாலும் இந்த அமைப்பையே பார்க்கிறேன்.

எவ்வளவு இறுக்கம் என்பதில் மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் என் கருத்து மாறும். சினிஸ்டாரைப் போல நடு என்றால் நிறுத்தம் என்று பொருள்படும் ஆட்டத்தில் கைக்குத் தெளிவாகத் தெரியும் அளவு இறுக்கம் நல்லது. ஸ்டார் வார்ஸில் எதிரிகள் பலமுறை திரையின் நடுவைக் குறுக்காகக் கடந்து போவார்கள். அங்கே இறுக்கம் அதிகமானால் ஒவ்வொரு முறை நடுவைத் தாண்டும்போதும் கை ஒரு மேட்டில் ஏறி இறங்குவதுபோல் இருக்கும், குறி தாவித் தாவிப் போகும். அந்த ஆட்டத்தின் அசல் கைப்பிடியின் மூலம் சுவையானது: அமெரிக்க ராணுவத்தின் பிராட்லி கவச வண்டிச் சுடுநர்களுக்குப் பயிற்சியளிக்க, பேட்டில்ஸோன் ஆட்டத்தை மாற்றியமைத்து அட்டாரி ஒரு கருவி செய்தது, அதற்காக வடித்த கைப்பிடியே பின்னர் ஸ்டார் வார்ஸுக்கு வந்தது. சுடுநரின் கை ஓடும் இலக்கைத் தொடர்ந்து கொண்டே இருக்க வேண்டும் என்ற தேவை அந்த வடிவத்திலேயே இருக்கிறது.

ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சுழல்முனைத் தளர்ச்சி. ஸ்டிக்கின் அடித்தண்டு இரண்டு குறுக்கு வளைவுகளில் உள்ள காடிகளின் வழியே போவது வழக்கமான அமைப்பு. சுழல்முனையிலிருந்து 20 மில்லிமீட்டர் தூரத்தில் காடி தண்டைவிட 0.2 மில்லிமீட்டர் அகலமாக இருந்தால், அந்தத் தளர்ச்சி அரைப் பாகைக்கும் சற்று மேல். 50 பாகையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. எழுதும் தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் தடிமன் அது. வீட்டில் முப்பரிமாண அச்சில் செய்பவர்கள் காடியை அச்சிட்டபடியே விடாமல், இரும்புத் தண்டுக்கு ஏற்ப நைலான் துண்டு ஒன்றை உள்ளே பொருத்தி, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் சேர்ப்பது நல்லது. நான் செய்த முதல் ஸ்டிக்கில் இதைச் செய்யாமல் விட்டேன். மூன்றே மாதத்தில் காடி முட்டை வடிவமாகிவிட்டது.

புதிதாகச் செய்வதாக இருந்தால் பாட்டை விட்டுவிட்டு ஹால் சென்சாருக்குப் போங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. காந்தப்புலத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் தரும் சிறு சில்லு அது. எதோடும் உரசாது, எனவே தேயாது. இது புதுமையும் அல்ல. 1984-இல் அட்டாரி வெளியிட்ட ஐ, ரோபோட் ஆட்டத்திலேயே ஹால் சென்சார் ஜாய்ஸ்டிக் இருந்தது. எஸ்எஸ்49ஈ போன்ற நேரியல் சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்தால், காந்தப்புலம் இல்லாதபோது சுமார் 2.5 வோல்ட் தரும். ஒரு துருவம் நெருங்கினால் கூடும், மறு துருவம் நெருங்கினால் குறையும். மூன்று கால்கள்தாம் என்பதால் பாட் இருந்த இடத்தில் இணைப்பை மாற்றாமலே உட்காரும், கால் வரிசையை மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

காந்தத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஸ்டிக்கின் அடி நுனியில் காந்தம், பக்கத்தில் சென்சார் என்று வைத்தால், தூரம் கூடக் கூடப் புலம் மிக வேகமாகக் குறைவதால் ஒரு பக்கம் அளவு மளமளவென்று ஏறும், மறுபக்கம் ஊர்ந்து இறங்கும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு அச்சின் சுழலும் தண்டின் முனையிலும் விட்டத்தின் குறுக்கே காந்தமேற்றிய சிறு வட்டக் காந்தத்தை ஒட்டி, அதன் பக்கத்தில் அசையாத சென்சாரை, நடுநிலையில் புலம் சுழியாகும்படி திருப்பி வையுங்கள். தூரம் மாறாது, கோணம் மட்டுமே மாறும். சென்சார் பார்ப்பது அந்தக் கோணத்தின் சைன் மதிப்பு. 25 பாகை வரைக்கும் சைன் மதிப்பு நேர்கோட்டிலிருந்து சுமார் 3 சதவீதமே விலகும், அது கைக்குத் தெரியாது. இந்த அமைப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. நியோடிமியம் காந்தத்தின் வலிமை வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறும்போது ஏறத்தாழ 0.1 சதவீதம் குறையும். நடுநிலையில் புலமே சுழி என்பதால் அந்தக் குறைவு நடுவைத் தொடாது, ஓரங்களை மட்டும் சற்றுச் சுருக்கும். பெட்டிக்குள் ஒலிபெருக்கி இருந்தால் அதன் காந்தத்தைச் சென்சாருக்கு அருகில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக் சாயும் எல்லையை வரையறுக்கும் துளையின் வடிவத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விலைக்குக் கிடைக்கும் ஸ்டிக்குகளில் பலவற்றில் வட்டத் துளை இருப்பதால் சொல்லிவிட வேண்டும். வட்டத்தில் மூலைக்குச் சாய்த்தால் இரண்டு அச்சுகளும் தம் முழு அளவில் 70.7 சதவீதத்தை மட்டுமே எட்டும். ஸ்டார் வார்ஸ் கைப்பிடியில் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று சாராமல் இயங்குவதால் இரண்டையும் ஒரே நேரத்தில் கோடிக்குக் கொண்டுபோகலாம். வட்டத் துளை ஸ்டிக்கில் குறி திரையின் மூலைகளைத் தொடவே தொடாது. உணர்திறனைக் கூட்டி மூலையை எட்டச் செய்யலாம், ஆனால் அப்போது நேராகச் சாய்க்கும்போது நகர்வின் கடைசிப் பகுதி, ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு, வீணாகும். தகட்டைச் சதுரமாக வெட்டுவது எளிது. சுழல்முனைக்கு மேல் 30 மில்லிமீட்டரில் தகடு, 8 மில்லிமீட்டர் தண்டு, 20 பாகைச் சாய்வு என்றால் துளையின் பக்கம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் வரும்.

மின்னணுப் பகுதி இன்று மிக எளிதாகிவிட்டது, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்மெகா 32யு4 சில்லு உள்ள ஒரு சிறு பலகை போதும். கணினிக்கு அது நேரடியாக யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்காகத் தெரியும். ஆர்கேட் இயந்திரங்களில் 5 கிலோ ஓம் பாட் வழக்கம். 10 கிலோ ஓம் போட்டாலும் இந்தச் சில்லுக்குத் தடை இல்லை. பழைய கணினி ஜாய்ஸ்டிக்கைப் பிரித்து அதன் உறுப்புகளைப் பயன்படுத்த நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றில் 100 கிலோ ஓம் பாட் இருக்கும், இரண்டு கால்களில் மட்டும் கம்பி இருக்கும்; அந்தக் கணினிகள் மின்னழுத்தத்தை அளக்காமல், ஒரு மின்தேக்கி நிரம்ப எடுக்கும் நேரத்தை அளந்தன. மூன்றாவது காலுக்கும் கம்பி இழுத்து, நடுக் காலுக்கும் தரைக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால் புதிய பலகையோடு ஒத்துப்போகும்.

நிரலில் எட்டு அளவீடுகளின் சராசரியை எடுத்தால் எஞ்சிய நடுக்கமும் போய்விடும். அந்தச் சில்லு ஓர் அளவீட்டுக்கு எடுப்பது சுமார் 104 மைக்ரோ விநாடி. இரண்டு அச்சுக்கும் எட்டெட்டு என்றால் 1.7 மில்லி விநாடி. திரையில் ஒரு சட்டகம், அதாவது ஒரு படம், நிற்கும் நேரம் 16.7 மில்லி விநாடி என்பதால் இந்தத் தாமதத்தை யாரும் உணர முடியாது. இதற்கு மேல் வடிகட்டத் தேவைப்பட்டால் குறை ஸ்டிக்கில் இருக்கிறது என்று பொருள். அதை நிரலால் மூடக் கூடாது. டெட் ஸோன் எனப்படும் அசைவறியாப் பகுதிக்கும், அதாவது நடுவைச் சுற்றி வரும் சிறு அசைவுகளைக் கணக்கில் எடுக்காமல் விடும் அளவுக்கும், இதே சொல் பொருந்தும். பலகையின் நிரலில் கொஞ்சம், இயங்குதளத்தில் கொஞ்சம், மேம் மென்பொருளில் அதன் பங்குக்குக் கொஞ்சம் என்று மூன்றும் அடுக்கடுக்காகச் சேர்ந்து, நல்ல ஸ்டிக்கைக்கூட மரக்கட்டையாக்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மற்ற இரண்டையும் சுழியாக்கிவிட்டு மேம் மென்பொருளில் மட்டும் வையுங்கள்; அதையும் முன்னிருப்பு அளவிலிருந்து உங்கள் ஸ்டிக்குக்குத் தேவையான அளவுக்குக் குறையுங்கள்.

ஆக, வாங்குவதா, செய்வதா? பெட்டியின் முகப்பில் இடம் இருந்தால், நான்கு திசைக்கும் எட்டுத் திசைக்கும் மாற்றக்கூடிய மைக்ரோ சுவிட்ச் ஸ்டிக் ஒன்றை வாங்கி இடப்பக்கம் பொருத்துங்கள். உங்கள் பட்டியலில் பாதிக்கு அதுவே வேண்டும். அனலாக் ஸ்டிக்கைத் தனியாகச் செய்யுங்கள், ஏனெனில் முன்னிறுக்கத்தை உங்கள் கைக்கும் உங்கள் ஆட்டத்துக்கும் ஏற்ப மாற்றும் வசதி விலைக்கு வாங்கும் ஸ்டிக்கில் அரிதாகவே கிடைக்கும். ஒரே ஒரு ஸ்டிக்குக்குத்தான் இடம் என்றால் அல்டிமார்க் நிறுவனத்தின் அல்ட்ராஸ்டிக் 360 போன்ற ஒன்று பொருத்தமான சமரசம். அனலாக் நகர்வுப் பரப்பை ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் எந்தத் திசை என்று ஆட்டத்துக்கு ஆட்டம் வரைபடம் மாற்றிக்கொள்ள அது இடம் தருகிறது. பேக்-மேனில் தடுப்புத் தகடு தரும் அந்த நழுவலை அது தராது என்பதை மட்டும் தெரிந்தே வாங்குங்கள்.

கைப்பிடியின் உயரத்தில் என் சொல்லை முடிவாகக் கொள்ள வேண்டாம். சுழல்முனைக்கு மேல் 100 மில்லிமீட்டர் உயரமும் 20 பாகைச் சாய்வும் இருந்தால் நுனி ஒரு பக்கத்துக்கு 34 மில்லிமீட்டர் நகரும் என்பது கணக்கு. அது மணிக்கட்டுக்கு இதமா, முழங்கையை வைத்து ஆட இன்னும் உயரம் வேண்டுமா என்பது உட்கார்ந்து ஆடுகிறீர்களா, நின்று ஆடுகிறீர்களா என்பதைப் பொறுத்தது. நீளமான குழாய் ஒன்றைச் செருகி ஒரு வாரம் ஆடிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

முகப்புப் பலகையில் திருகுகளை முடுக்குவதற்கு முன் ஒரு சோதனையை மட்டும் தவறாமல் செய்யுங்கள். பலகை தரும் எண்ணைத் திரையில் காட்டும்படி வைத்துக்கொண்டு, ஸ்டிக்கை ஒரு மூலைக்குச் சாய்த்து, மெதுவாகப் பாதி தூரம் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். நின்ற எண்களை எழுதிக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளிலிருந்தும் பத்துப் பத்து முறை. நாற்பது ஜோடி எண்களில் ஒவ்வொரு அச்சுக்கும் மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் உள்ள வேறுபாடே உங்கள் ஸ்டிக்குக்கு உண்மையில் தேவைப்படும் டெட் ஸோன். முழு நகர்வில் இரண்டு சதவீதத்துக்குள் இருந்தால் முடுக்கிவிடுங்கள். கூடினால், எண்கள் வந்த பக்கத்துக்கு ஏற்ப இரு கூட்டமாகப் பிரிந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். பிரிந்திருந்தால் ஸ்பிரிங்கின் இறுக்கம் போதவில்லை, ஒழுங்கில்லாமல் சிதறியிருந்தால் சுழல்முனையில் தளர்ச்சி இருக்கிறது.